எதிரில் வண்டி வராத சாலை

மகனே முகிலா,

ஈப்போவில், கண் மருத்துவமனையின் வெளி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அப்பாவை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். கண்ணில் மருந்து விட்டு, கண்பாப்பா விரிந்த பிறகுதான் டாக்டர் பார்ப்பாராம். நேரமாகும் என்று தாதி சொல்லிவிட்டாள். உள்ளே உட்கார முடியவில்லை, வெளியே வந்தேன். வெளியேயும் முடியவில்லை, மாமரத்தடிக்குப் போனேன், மறுபடி இங்கேயே வந்துவிட்டேன். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு இந்த ஊர் வெயில் கன்னத்தில் அறைகிற மாதிரிதான் இருக்கும், உனக்கே தெரியும். திருத்தலாம் என்று எடுத்து வந்த ஐந்தாம் படிவ விடைத்தாள்கள் மடியில் இருக்கின்றன. ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. கையைச் சும்மா வைத்திருக்கவும் முடியவில்லை. அதனால்தான் கடிதம்.

நேற்று நீ அனுப்பிய குரல் பதிவைப் பலமுறை கேட்டேன். "ம்மா, நான் நியூசிலாந்து போகல. திங்கக்கெழம ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும், போடப் போறதில்ல. பினாங்கு வேலையையும் விட்டுட்டு மேலயே வந்துர்றேன். அப்பாவுக்குக் கண்ணு இப்படி ஆயிருச்சு, இனிமே யாரு அவர ஏத்தி எறக்குறது? நீயா ஓட்டப் போற?" என்று முடித்திருந்தாய். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பின்னால் நீ லேசாகச் சிரித்ததும் பதிவாகியிருக்கிறது. கோபப்படவில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன். ஆனால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? ஆமாம், நான்தான் ஓட்டினேன். இன்று காலை, மலை மேல் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா வழியாக, கீழே வரை, நம் பழைய காரை, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் உன் பங்கு இருக்கிறது, நீ அறியாமலே.

எனக்கு லைசன்ஸ் இருப்பதே உனக்கு மறந்திருக்கும். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கீழே, சமதரையில் எடுத்தது. கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில் தாப்பாவுக்கு இறங்கும் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். ரிங்லெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் சுற்றுலா பஸ் ஒன்று எதிரே வந்து சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டது. நான் காரை நடுச்சாலையில் நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். அப்பா இறங்கிச் சுற்றி இந்தப் பக்கம், ஸ்டியரிங் முன்னால், வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர்தான் ஓட்டினார். லைசன்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்து வந்தேன், ஏன் என்று கேட்டால் தெரியாது. காலாவதியான எதையும் பையில் வைத்திருக்கப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அப்பாவின் கண்ணைப் பற்றி உன்னிடம் பாதிதான் சொல்லியிருந்தோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது. நடுவில் நன்றாகத் தெரிகிறது, ஓரங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. கார் ஓட்டக் கூடாது என்று போன தடவையே டாக்டர் சொன்னார். அப்பா வெளியே வந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? "அந்த போர்டுல கடைசி வரி வரைக்கும் படிச்சேன்லா. நீயும் பக்கத்துல நின்னு பாத்தீல்ல? கடைசி வரிய படிக்கிறவனுக்குக் கண்ணு இல்லையாம்." கடைசி வரியைப் படித்தது உண்மை. அதுதான் சிக்கல். முகத்துக்கு நேரே இருப்பதெல்லாம் தெரிகிற மனிதரிடம், உங்களுக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அடுத்த வாரமே தொழிற்சாலை கேட்டில் காரின் இடப்பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் இத்தனை வருடம் கிராணியாகக் கணக்கு எழுதுகிறார், அந்த கேட்டைத் தினமும் கடந்து போகிறவர். "கேட்ட நகத்தி வச்சிருக்கானுங்க" என்றார். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா, தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்கிறவர், கூடவே நின்றுகொண்டு, "ஆமாங்க கிராணி, நாளைக்கு மலையையும் நகத்துவானுங்க, பாத்துப் போங்க" என்றார். அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயந்திரம் கோபத்தில் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். முன்னறையில் நீ விட்டுப் போன கார் பந்தய சிமுலேட்டர் வழியை மறித்துக்கொண்டு நின்றது. இரும்புக் குழாயை நீயே பற்றவைத்து, கழிவாய்ப் போன ஒரு வேன் இருக்கையைப் பொருத்தி, ஸ்டியரிங், கியர் கம்பு, மூன்று பெடல் எல்லாம் வைத்துக் கட்டியது. போகும்போது என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறது. "அதுல ஒன்னும் இல்லம்மா. நான் வாங்குன காரும் டிராக்கும் என் அக்கவுண்டோட வந்துரும். கேமோட வந்த பழசு மட்டுந்தான் இருக்கும். அதெல்லாம் முடிச்சாச்சு. யாராச்சும் கேட்டா வித்துரு." விற்கத்தான் இருந்தேன். பிரிஞ்சாங்கில் ஒரு பையன் கேட்டிருந்தான். வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அவனைக் கூப்பிடலாம் என்று சுவிட்சைப் போட்டேன்.

முடித்துவிட்டேன் என்று நீ சொன்னதை நான் அப்போதே நம்பவில்லை. இயற்பியல் மாணவர்கள் 'சார்பு வேகம் பாடம் முடிச்சாச்சு டீச்சர்' என்று சொல்வதைக் கேட்டே காலம் தள்ளியவள் நான். பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு டிராக்குக்கும் பக்கத்தில் உன் சிறந்த நேரம் இருந்தது. சிலவற்றில் எனக்கு வியப்பாக இருந்தது, அத்தனை தடவை ஓட்டியிருக்கிறாய். ஆனால் பட்டியலின் அடியில் ஒரு மலைப்பாதை. வட்டமாகச் சுற்றி வராமல், அடிவாரத்தில் தொடங்கி உச்சியில் முடிகிற ஒற்றைச் சாலை. அங்கே உன் நேரம் இருக்க வேண்டிய இடம் காலி. கார்களிலும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு சின்னக் கார், ஐந்து கியர், சத்தமில்லாதது, மெதுவானது. நீ அதைத் தொட்டதே இல்லை. அந்தக் காரை அந்தச் சாலையில் வைத்தேன். பையனைக் கூப்பிடவில்லை.

முதல் நாள் நான் ஓட்டிய லட்சணத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய், சிரி. நான் இடதுபுறமாகவே ஓட்டினேன். சாலை முழுவதும் எனக்குத்தான் என்பது என் கைக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மறைவான வளைவுக்கு முன்னும் ஹாரன் அடித்தேன். நம் எஸ்டேட் சாலையில் அடிக்கிற மாதிரி, நீட்டி. சன்னலுக்கு வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லெட்சுமி அக்கா எட்டிப் பார்த்து, "டீச்சர், யாருக்கு வழி கேக்குறீங்க? டிவி பொட்டிக்குள்ளேருந்து லோரி வருதா?" என்றார். அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி, "விடுங்க அக்கா, டீச்சருக்கு கேம்லயும் போலீஸ் சமன் வந்துரும்னு பயம்" என்றார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஹாரனை விடவில்லை.

அதன் பிறகு நான் செய்ததை, உன்னைப் போல் புதிது புதிதாக வாங்கிச் சேர்க்கிறவர்கள் செய்யமாட்டார்கள். அந்த ஒரு சாலையையே வைத்துக்கொண்டேன். ஏறுவதற்குத்தான் அந்தப் பாதையைப் போட்டிருந்தார்கள். பயிற்சி முறையில் உச்சியில் காரைத் திருப்பி இறங்கிப் பார்த்தேன், முற்றிலும் வேறு சாலையாக இருந்தது. ஏறும்போது எளிதாக இருந்த வளைவுகள்தான் இறங்கும்போது மிரட்டின. வெயிலை மாற்றி மழை வைத்தேன். மழையை மாற்றி மூடுபனி வைத்தேன், அது நம் கம்போங் ராஜா பனிக்குப் பக்கத்தில்கூட வராது, ஆனாலும் வைத்தேன். நீ போட்டு வைத்திருந்த உதவிகளை ஒவ்வொன்றாக அணைத்தேன்: தானாக கியர் மாறுவது, சறுக்கினால் தானாகப் பிடித்துக்கொள்வது, எங்கே பிரேக் போட வேண்டும் என்று சாலையில் காட்டும் வண்ணக் கோடு. அந்தக் கோட்டை அணைத்த அன்றுதான் முதன்முதலாகச் சாலையைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இடித்தால் கார் கெட்டுப்போகிற மாதிரி வைத்தேன். அதன்பின் என் வேகம் பாதியாகக் குறைந்தது, தோள்பட்டை வலி வந்தது. வலி வந்ததும்தான் இதில் ஏதோ இருக்கிறது என்று நம்பத் தொடங்கினேன்.

அடுத்து உன் செட்டிங்கில் ஒரு தவறு கண்டுபிடித்தேன். திரையில் சாலையை எவ்வளவு அகலமாகக் காட்டுவது என்று ஓர் எண் இருக்கிறது அல்லவா, பார்வைக் கோணம். நீ அதை மிக அகலமாக வைத்திருந்தாய். வேகமாகப் போவது போல் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்திருப்பாய். திரையின் அகலத்தையும், என் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தையும் அளந்து, உண்மையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு மாற்றினேன். வளைவுகள் பெரிதாகி, தூரம் சரியாகத் தெரிந்தது. பதிலுக்கு ஓரங்கள் போய்விட்டன. வளைவின் உள்விளிம்பு, நான் அதை அடைவதற்கு முன்பே திரையை விட்டு வெளியேறிவிடும். அது அங்கே இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும். கை சும்மா இருக்காமல் அந்த எண்ணை இன்னும் குறைத்தேன். இன்னும். கடைசியில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல் ஆனது. நேரே எல்லாம் தெளிவாக இருந்தது, தூரத்துப் பலகையைக்கூடப் படிக்க முடிந்தது. ஓட்டினேன். இடப்பக்கச் சுவரில் உரசி நின்றேன். சுவரைக் காணவே இல்லை. அப்பா இத்தனை நாள் எதைப் பார்த்துக்கொண்டு உன்னையும் என்னையும் ஏற்றிப் போனார் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

டாக்டர் சொல்லிக் கேட்காதவர் நான் சொல்லியா கேட்கப் போகிறார்? மறுநாள் பள்ளி விட்டு வந்ததும், "என்னங்க, ஒரு தடவ ஓட்டித்தான் பாருங்களேன், சும்மா என்னையே கிண்டல் பண்ணிக்கிட்டு" என்றேன். உடனே வந்து உட்கார்ந்தார், இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு. பார்வைக் கோணத்தை நீ வைத்திருந்த அகலத்துக்கே திருப்பி வைத்திருந்தேன், நியாயமாக இருக்க வேண்டும் என்று. நேரான டிராக், கூடவே கணினி ஓட்டும் கார்கள் சில, ஆக மெதுவானவை. அப்பா அழகாக ஓட்டினார். கியர் மாற்றுவதில் என்னைவிட எத்தனையோ மேல். பிறகு ஒரு கார் அவருக்கு இடப்பக்கம் வந்தது. அவர் நிதானமாக அதன் மேல் காரை ஏற்றினார். "இவன் எங்கேருந்து வந்தான்?" என்றார். மறுபடி ஓட்டினார், மறுபடி இடித்தார், இந்த முறை வலப்பக்கம். "இந்த கேம் சரியில்ல. வண்டிய திடீர்னு கொண்டாந்து வைக்கிறான்." "சரி, என்னா நடந்துச்சுன்னு பாப்போம்" என்று, ஓட்டியதை அப்படியே திரும்பக் காட்டும் ரீப்ளேயைப் போட்டேன். அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் இடது ஓரத்தில் விரலை வைத்தேன். அவர் தலையைத் திருப்பி விரல் இருந்த இடத்தைப் பார்த்தார். அந்தக் கார் அங்கேதான் இருந்தது, நீண்ட நேரமாக, அவரோடு கூடவே வந்துகொண்டிருந்தது.

"இது அப்பவே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இவ்ளோ நேரமா?"

"ஆமாங்க."

அவர் இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். பார்த்தார். மடித்த சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு அடுக்களைக்குப் போய்த் தேநீர் போட்டார். எனக்கும் ஒரு கிளாஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சரி, நீயே ஓட்டு" என்றார். கேமைச் சொன்னாரா, காரைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் அவர் தொழிற்சாலைக்கு நடந்து போனார்.

இனி என்னைப் பற்றி. சிமுலேட்டரில் கற்றதை நிஜச் சாலையில் கொண்டுபோய்க் கொட்டலாம் என்று நினைக்கிற ஆள் நானில்லை. சோதனைக்கூடத்தில் உராய்வே இல்லாத மாதிரி கணக்குப் போடுகிறோம், அதற்காகத் தரையில் உராய்வு இல்லை என்றாகுமா? ஆனால் அந்த விஷயத்தில் நானே ஏமாந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரிங்லெட் வரை போய் வரலாம் என்று கிளம்பினேன். ஹாரனுக்கும் இடதுபுறத்துக்கும் முதலில் என்னைக் கேலி செய்தார்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தை இடைப்பட்ட வாரங்களில் நானே கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருந்தேன். என் பழைய ஓட்டத்தைத் திரையில் கூடவே ஓட்டிக் காட்டும் நிழல் காரைப் போட்டு அதை முந்தப் பார்க்கும் ஆசை வந்திருந்தது. வளைவின் வெளிவிளிம்பிலிருந்து உள்ளே வந்து, உள்விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளியே போனால் நேரம் குறைகிறது. குறைவதை என் கண்ணாலேயே பார்த்தேன். வேகமாகப் போக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் எண் குறைகிறது என்றால் எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து நிற்கிறது.

ரிங்லெட்டுக்கு முன்னால் வலப்பக்கம் திரும்பும் ஒரு கோனர் வளைவில் என் கை தானாகவே காரை உள்விளிம்புக்கு இழுத்தது. நம் சாலையில் அந்த உள்விளிம்பு எதிரே வருகிறவனுடைய பாதை. கோசுக் கூடைகள் ஏற்றிய லோரி அங்கே வந்துகொண்டிருந்தது. எப்படித் திருப்பினேன் என்று தெரியாது, சறுக்கி இடப்பக்கப் புல்லில் ஏறி நின்றேன். லோரியும் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார், தமிழ் ஆள்தான். "அக்கா! ரோட்ட ஒங்க அப்பா எழுதி வச்சிட்டுப் போனாரா? அந்தக் கோனர் எனக்குள்ளதுக்கா!" அப்பா சன்னலை இறக்கி, "மன்னிச்சிக்கப்பா, கேம் ஓட்டிப் பழகுனவங்க" என்றார். "கேமா? அப்ப வீட்லயே ஓட்டச் சொல்லுங்கண்ணே, அங்க செத்தா மறுபடி பொழச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் இறங்கவில்லை, முகிலா. கதவுப் பிடியில் கை போனது, ஆனால் இறங்கவில்லை. அப்பாவும் எழுந்து இந்தப் பக்கம் வரவில்லை. வந்து என்ன செய்வார்? ரிங்லெட்டில் ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு நானே திருப்பி ஓட்டி வந்தேன்.

அன்று சாயந்திரம் மறுபடி உன் இருக்கையில் உட்கார்ந்தேன். எதிரே வண்டி வரவைக்க அதில் வழி இருக்கிறதா என்று எல்லாப் பக்கமும் தேடினேன். இல்லை. எல்லோரும் ஒரே திசையில் போவதற்காகவே செய்த உலகம் அது. அதில் என்னதான் தேடினாலும் கிடைக்காதது அந்த ஒன்றுதான், அந்தக் குறையை அறிந்துகொள்வதும் சிமுலேட்டரைப் பயன்படுத்துவதில் சேரும். அதனால் விதியை நானே போட்டுக்கொண்டேன். சாலையின் இடப்பாதிதான் என்னுடையது. வலப்பாதிக்குச் சக்கரம் போனால் காரை நிறுத்தி, கையை எடுத்து, அங்கிருந்து மறுபடி கிளம்ப வேண்டும். நிழல் காரை அணைத்தேன். நேரம் காட்டும் எண்ணையும் மறைத்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பார், எஞ்சின் சத்தம் மாறும்போதெல்லாம் "கோனரா?" என்பார். "ஆமாங்க." "அப்ப ஹாரன் எங்க?" அடிப்பேன். லெட்சுமி அக்கா சன்னலுக்கு வெளியிலிருந்து, "வந்துட்டேன் டீச்சர், வழிய விடுங்க!" என்று கத்துவார். எதிரே வண்டி வராத குறையை அவர்தான் தீர்த்து வைத்தார்.

உன்னைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொண்டேன், சொல்லத்தான் வேண்டும். நீ சேமித்து வைத்திருந்த ரீப்ளேக்களைப் பார்த்தேன். எப்படி ஓட்ட வேண்டும் என்று கற்கத்தான் பார்த்தேன், வேவு பார்க்கவில்லை. எவ்வளவு நன்றாக ஓட்டுகிறாய்! ஆனால் ஒரு சின்னத் தவறு, ஒரு சக்கரம் புல்லில் இறங்கினால் போதும், அங்கேயே முறித்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து மறுபடி கிளம்புகிறாய். ஒன்றிரண்டு இல்லை, நான் பார்த்ததெல்லாம் அப்படித்தான். ஒரு தவறு நடந்த பிறகு மீதிச் சாலையை நீ ஓட்டியதே கிடையாது. அதனால் தொடக்கத்து வளைவுகளில் நீ கெட்டிக்காரன், கடைசி வளைவுகள் உனக்குச் சரியாகத் தெரியாது. கடைசி வளைவு என்றால் உன்னைவிட நான் நன்றாகப் போவேன், நம்பாவிட்டால் வந்து பார். நான் இடித்து, ஒடுங்கிப்போன காரோடு, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, உச்சி வரை போய்ச் சேர்ந்திருக்கிறேன். எல்லாக் காரையும் எல்லா டிராக்கையும் திறந்துவிட்டு 'முடிச்சாச்சு' என்றாய். அதில் முடிக்கப்படாதது நிறைய இருந்தது. இதிலிருந்து வாழ்க்கைக்கு உபதேசம் எடுக்க எனக்கு விருப்பமில்லை. அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் நான் எழுந்து போய்விடுவேன், நீயே பார்த்திருக்கிறாய். ஆனாலும் உன் குரல் பதிவைக் கேட்கக் கேட்க அந்த ரீப்ளேக்கள்தான் ஞாபகம் வருகின்றன. ஒன்றைக் கேட்கிறேன், பதில் எனக்குச் சொல்ல வேண்டாம், உனக்கே சொல்லிக்கொள். நீ திரும்பி வருவது அப்பாவின் கண்ணுக்காகவா, இல்லை அங்கே போய் ஏதாவது தப்பாகிவிடும் என்ற பயத்தாலா? பயம் என்றால் தவறில்லை. அப்படியென்றால் பயம் என்றே சொல். அப்பாவின் கண்ணை அதற்கு முன்னால் நிறுத்தாதே. அவருக்கு ஏற்கெனவே இருக்கிற பாரமே போதும்.

இன்று காலை எப்படி வந்தோம் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். கம்போங் ராஜாவில் பனி இருந்தது, விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தேன். இறக்கம் தொடங்கியதும் கீழ் கியரில் போட்டு எஞ்சினையே பிடித்துக்கொள்ள விட்டேன். எனக்கு முன்னால் காய்கறி லோரி ஒன்று போனது, பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டு விளக்கை அடித்துக்கொண்டே வந்தான். "முந்தட்டுமா?" என்றேன். "எனக்கு ரெண்டு பக்கமும் தெரியல, என்னக் கேக்காத" என்றார் அப்பா. முதன்முதலாக அவர் வாயால் அதைச் சொல்லிக் கேட்டேன். நான் முந்தவில்லை. பின்னால் வந்தவனுக்கு வழிவிட்டேன், அவன் என்னைப் பார்த்து ஏதோ வாயசைத்துவிட்டுப் போனான். சிமுலேட்டரில் இல்லாதவை எல்லாம் இங்கே இருந்தன: பிரேக் சூடாகும் வாடை, காது அடைப்பது, மண் சரிந்த இடத்தில் சாலை திடீரென்று ஒடுங்குவது. பயம் கடைசி வரை போகவில்லை. ஆனால் கால்கள் தம் வேலையைச் செய்தன. கீழே இறங்கி முதல் சிவப்பு விளக்கில் நின்றபோது, பச்சை வந்தது தெரியாமல் நின்றுவிட்டேன். பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அப்பா, "ஒனக்குத்தான் அடிக்கிறாங்க, போ" என்றார்.

இதோ, அவர் வெளியே வருகிறார். கறுப்புக் கண்ணாடி போட்டு விட்டிருக்கிறார்கள், ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு வருகிறார். அழுத்தம் குறைந்திருக்கிறதாம், போனது திரும்பாதாம், மாதாமாதம் வர வேண்டுமாம். மலைப்பக்கம் மேகம் கட்டிக்கொண்டிருக்கிறது. நான் அதைப் பார்ப்பதை எப்படியோ உணர்ந்துகொண்டு, "மழ வரும் போலருக்கு. வேணும்னா நான் ஓட்டட்டா?" என்கிறார், அந்தக் கறுப்புக் கண்ணாடியோடு. வராந்தாவில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படி நான் சிரித்துவிட்டேன்.

ஏறும் சாலையில் மழை இருக்கும். பயமாக இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் பயத்தோடு இன்னொன்றும் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. நாளைக்கு எந்த மருத்துவமனையும் இல்லை, ஒரு வேலையும் இல்லை. இருந்தும் தாப்பா சாலையில் தனியாக ஒரு முறை இறங்கி ஏற வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் எனக்கு எங்கிருந்து வந்தது இது என்று தெரியவில்லை. உனக்காகவோ அப்பாவுக்காகவோ என்று சொல்லிக்கொண்டால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அது இல்லை. நீ வந்தால், மகன் வந்துவிட்டான் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன், சொல்லிவிட்டு மறுபடி போய் இடப்பக்க இருக்கையில் உட்கார வேண்டியிருக்கும். என்னால் முடியாது.

திங்கட்கிழமை கையெழுத்துப் போடு.

அம்மா